வித்தும் துண்டமும் ஒட்டும்: கண்டி மலைநாட்டுப் பயிர் வரலாறு தரும் பாடம்

பயிரினங்களைப் பெருக்குதற்கு வித்து ஒரு வழி. தண்டுத்துண்டம் மற்றொரு வழி. வித்திற் பிறக்கும் கன்று தாயினின்றும் வேறுபடலாம். துண்டமோ தாயின் இயல்பினை அவ்வாறே பேணும். ரோசாச் செய்கையில் மூன்றாவதொரு வழியும் உண்டு. வலிய காட்டு ரோசாவின் துண்டத்தை வேரூன்றச் செய்து, அவ்வொட்டுக்கட்டையில் விரும்பிய இனத்தின் அரும்பைப் பொருத்துவர். வேர் ஒன்றினது, மலர் மற்றொன்றினது. பூந்தோட்டத்துச் சிறுதொழிலாகத் தோன்றும் இவ்வறிவு, கண்டி மலைநாட்டின் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையது.

இம்மலைகளில் முதலிற் செழித்த பெருந்தோட்டப் பயிர் கோப்பியாகும். அராபிக்காக் கோப்பி தன்மகரந்தச் சேர்க்கை உடையது. ஆதலின், வித்தினாற் பெருக்கப்பட்டபோதும் அதன் மரங்கள் ஏறத்தாழ ஒரே இயல்பினவாக இருந்தன. 1869இல் துருநோய் தோன்றியது. 1880 முதல் 1882 வரை அதனை ஆராய்ந்த மார்ஷல் வார்ட், இடையீடின்றிப் பரந்துகிடந்த ஒரே பயிர் நோய்ப் பரவலுக்கு வழிவகுத்தமையைச் சுட்டிக் காட்டினார். அந்நூற்றாண்டு முடியுமுன் கோப்பித் தொழில் வீழ்ந்தது. தோட்டங்கள் கைவிடப்பட்டபோது, அவற்றை நம்பியிருந்த தென்னிந்தியத் தொழிலாளரே பெரிதும் அல்லலுற்றனர்.

கோப்பியின் இடத்தைத் தேயிலை பெற்றது. 1839இல் அஸ்ஸாம் தேயிலை வித்துக்கள் பேராதனைத் தாவரவியற் பூங்காவை அடைந்திருந்தன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையை நாட்டினார். தேயிலை அயன்மகரந்தச் சேர்க்கையை நாடுவது; எனவே வித்துத் தேயிலை மலையில் ஒரு செடிபோல் மற்றொன்று இராது. விளைச்சலைக் கருதுவோர்க்கு அது குறையாகப் பட்டது. 1925இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1930களில் துண்டப் பெருக்கத்தை ஆராய்ந்தது. சிறந்த தாய்ச்செடியினின்றும் ஓர் இலையும் அதன் கக்கவரும்பும் சிறிது தண்டும் கொண்ட துண்டங்கள் வெட்டப்பட்டு, தவறணை நிழலில் வேரூன்றச் செய்யப்பட்டன. மலையகத் தொழிலாளரின் கைகளில் வளர்ந்த இச்செடிகளே 'வீ.பி. தேயிலை' எனப் பெயர் பெற்றன. விளைச்சல் பெருகியது என்பதில் ஐயமில்லை.

எனினும், ஒரு தாயின் துண்டங்களே மலை முழுதும் நிற்குமாயின், ஒன்றை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்தாதோ? 1946இல் இலங்கையை அடைந்த கொப்புள நோய் எல்லா இனங்களையும் ஒரே அளவிற் தாக்கவில்லை. சில எளிதில் நலிந்தன. சில தாங்கி நின்றன. வேற்றுமையே காப்பு என்பதை இது உணர்த்துகின்றது. வறட்சியைத் தாங்கும் வேரில் விளைச்சல் மிக்க கிளையை இணைக்கும் ஒட்டுமுறை தேயிலையிலும் கையாளப்படுகின்றது. ஆயின், ஒட்டுவதற்கும் வேறுவேறு இயல்புடைய செடிகள் இருத்தல் வேண்டும்.

அவ்வேறுபாட்டின் களஞ்சியம் பழைய வித்துத் தேயிலை மலைகளே. விளைச்சல் குறைவென்று அவற்றை முற்றாகப் பிடுங்கி எறிதல், நாளைய ஒட்டுக்கட்டையை இன்றே அடுப்பில் இடுவதை ஒக்கும். கோப்பியின் வீழ்ச்சியைக் கண்ட மலைநாடு இதனை மறத்தலாகாது. பயிர் வீழுமிடத்து முதலில் வீழ்வது தொழிலாளரின் வாழ்வன்றோ?