டம்ளர்-டபரா

டம்ளர்-டபரா என்பது தென்னிந்தியாவில் வடிகாப்பி பரிமாறப் பயன்படும் இரட்டைப் பாத்திரம் ஆகும். விளிம்பு வெளிப்புறமாக வளைந்த குவளை டம்ளர் எனவும், அதனைத் தாங்கும் அகன்ற, ஆழம் குறைந்த கிண்ணம் டபரா (வழக்கில் டவரா) எனவும் அழைக்கப்படுகின்றன. இவை பித்தளையிலோ எவர்சில்வரிலோ செய்யப்படுகின்றன. பாத்திரத்தின் வடிவம் பானத்தின் சுவையை மாற்றுமா என்ற வினா மேலைநாடுகளில் வைன் கிண்ணங்களை ஒட்டியே பெரிதும் பேசப்பட்டுள்ளது. அவ்வினாவை ஆராய டம்ளர்-டபராவும் ஒரு சிறந்த எடுத்துக்காட்டாகும்.

வெப்பமும் நுரையும்

உலோகம் வெப்பத்தை எளிதில் கடத்துவதால் டம்ளரின் உடற்பகுதி கையைச் சுடும். காப்பி எட்டாத மேல்விளிம்பே பிடிப்பதற்கு ஏற்ற இடம். பித்தளை எவர்சில்வரைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும்.

டம்ளரிலிருந்து டபராவுக்கு உயர்த்தி ஊற்றும்போது காப்பி மெல்லிய தாரையாக நீள்கிறது. காற்றுடன் தொடும் பரப்பு பெருகுவதால் விரைவில் ஆறுகிறது; உட்புகும் காற்றுக் குமிழிகளைப் பாலின் புரதங்கள் நுரையாக நிறுத்துகின்றன. இவ்வாறு ஆற்றுவது வெறும் அலங்காரம் அன்று. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களை அருந்துவது உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. எனினும் மிகையாக ஆற்றினால் மணமும் ஆவியோடு போய்விடும்.

வாயும் மூக்கும்

சுவை என நாம் உணர்வதில் பெரும்பங்கு மணமே. வைன் கிண்ணத்தின் வாய் உட்புறமாகக் குறுகி, ஆவியைத் தேக்கி மூக்கிற்குத் தருகிறது. தோக்கியோ மருத்துவ, பல் மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 13 பாகை செல்சியசில் வைன் கிண்ணத்தின் விளிம்பில் எரிசாராய ஆவி வளையமாகச் செறிவதையும், நடுவில் அது குறைந்திருப்பதையும் படம்பிடித்தனர். நேரான குவளையில் இவ்வளையம் தோன்றவில்லை.

டம்ளரின் வடிவம் இதற்கு நேர்மாறானது. எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கும் வழக்கத்திற்கு, சிந்தாமல் தாரையாக விழச்செய்யும் வெளிவளைந்த விளிம்பு உதவுகிறது. குவளை மூக்கின் அருகே வராததால், காப்பியின் மணம் பெரும்பாலும் விழுங்கும்போது தொண்டையின் பின்வழியாகவே மூக்கை அடைகிறது. உதடு பொருத்திக் குடிப்பவருக்கு அதே காப்பி சற்று வேறாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

நாக்கு வரைபடம்

ஆஸ்திரியாவின் ரீடல் நிறுவனம் 1973இல் வெவ்வேறு வைன்களுக்கென வெவ்வேறு கிண்ணங்களின் வரிசையை அறிமுகப்படுத்தியது. கிண்ணத்தின் விளிம்பு, வைனை நாக்கின் குறிப்பிட்ட சுவைப் பகுதிக்குச் செலுத்துகிறது என்ற விளக்கம் இத்தகைய கிண்ணங்களுக்குக் கூறப்படுவதுண்டு. இது ஏற்கத்தக்கதன்று. நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு எனப் பாடநூல்களில் காணப்பட்ட படம், செருமானிய அறிஞர் எனிக் 1901இல் அளந்த சிறு வேறுபாடுகள் பின்னர் மிகைப்படுத்தப்பட்டதால் பிறந்தது. சுவை மொட்டுகள் உள்ள எல்லாப் பகுதிகளும் எல்லா அடிப்படைச் சுவைகளையும் உணர்கின்றன.

பிற குவளைகள்

டபராவைப் பயன்படுத்த இரு கைகளும், உட்கார ஓர் இடமும் வேண்டும். திருவண்ணாமலையில் ரமணாசிரமம் அமைந்துள்ள செங்கம் சாலை, ஏறத்தாழ 14 கி.மீ. நீளமுள்ள கிரிவலப் பாதையின் ஒரு பகுதியாகும். இத்தகைய சாலையோரத் தேநீர்க் கடைகளுக்குக் கண்ணாடிக் குவளையே ஏற்றது. கண்ணாடி வெப்பத்தை மெதுவாகக் கடத்தும். டபராவின் வேலையைக் கடைக்காரரே இரு பாத்திரங்களுக்கிடையே ஆற்றி முடித்துத் தருகிறார். பிளாஸ்டிக் பூசிய தாள் குவளைகளைத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி 1 முதல் தடைசெய்தது.