சட்டையைப் பிடிச்சா தப்பில்ல

நம்ம ஊர்ல ஒருத்தன் சட்டையைப் பிடிச்சுட்டா விஷயம் முத்திப் போச்சுன்னு அர்த்தம். கடன் கொடுத்தவன் பிடிப்பான், இல்லன்னா டீக்கடை வாசல்ல அரசியல் பேசுறவன் பிடிப்பான். ஆனா சட்டையைப் பிடிக்கறதையே ஆட்டமா வெச்சு, அந்தச் சட்டை எத்தனை சென்டிமீட்டர் இருக்கணும்னு சட்டமும் போட்டு, அளவுகோலோட ஒரு ஆளை வாசல்ல நிறுத்தி வெச்சிருக்கற விளையாட்டு ஒண்ணு இருக்கு. ஜியூ-ஜிட்சு. அந்த உடுப்புக்குப் பேரு 'கி'. பேரு ஒத்தை எழுத்து, கதை பெருசு.

நம்ம பக்கத்து மல்லுக்கட்டுல கணக்கே வேற. எதிராளி கையில பிடிக்க எதுவும் சிக்கக்கூடாது. ஏழாம் நூற்றாண்டுல நரசிம்மவர்ம பல்லவனுக்கு மாமல்லன்னு பட்டமே உண்டு, அவ்வளவு பழைய கலை. வடக்கே குஸ்திக் கோதாவுல இன்னைக்கும் லங்கோடுதான். எங்க ராமநாதபுரம் கடற்கரையில கபடி ஆடுற பசங்களைப் பாருங்க, சட்டையைக் கழட்டி ஓரமா போட்டுட்டுத்தான் இறங்குவாங்க. வேர்வையில வழுக்கற உடம்புதான் அங்க கவசம். அந்த வெக்கையில ஒன்றரை கிலோ பருத்திச் சட்டையைப் போட்டுக்கிட்டு சண்டை போடுன்னா 'லூசாப்பா நீ'ன்னு கேப்பாங்க.

அப்படிக் கேக்காத ஒருத்தன் என் சித்தி மகன். பாம்பன்ல இருக்கான். மதுரையில படிக்கிறப்போ பழகிக்கிட்டு, இப்ப போட்டிக்குப் போறேன்னு நிக்கிறான். 'அண்ணே, எந்த கி வாங்கட்டும்?'னு போன்ல கேட்டான். சாதாரணக் கேள்வி மாதிரி இருக்கும். ஆனா சுமாரான கி-யே சில ஆயிரம் ஆகும், நல்லதுன்னா அஞ்சு இலக்கத்தைத் தொடும். சித்தப்பா விசைப்படகுக்குப் போறவர். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், வீட்ல காசு புழங்காத நேரம். வாங்குறது ஒண்ணே ஒண்ணுதான், அது தப்பிப் போச்சுன்னா இந்த வருஷப் போட்டியே போச்சு. அதனால விதிப்புத்தகத்தோட உக்காந்தேன். உக்காந்த இடத்துல வரலாறு இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு.

1882-ல டோக்கியோவுல எய்ஷோஜிங்கற புத்தர் கோயில்ல ஜிகோரோ கானோ கோடோகானை ஆரம்பிச்சார். பழைய ஜுஜுட்சு வித்தைகளைச் சலிச்சு எடுத்து ஜூடோவா ஆக்கினவர், அப்ப அவருக்கு வயசு இருபத்தொண்ணு. (அந்த வயசுல நான் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு டை கட்டத் தெரியாம நின்னேன்.) அந்தக் காலத்துச் சட்டைக்குக் கை குட்டை, கால்சட்டை தொடையோட நின்னுடும். பாய் மேல உருண்டா முழங்கையும் முழங்காலும் தோலுரிஞ்சு போகும். 1907 வாக்குலதான் கையும் காலும் நீண்டு இன்னைக்கு நாம பாக்கற வடிவத்துக்கு வந்துச்சு. நீளமான கை வந்ததும் பிடிக்கறதுக்குத் துணியும் கூடிப்போச்சு, அதைச் சுத்திப் புதுப்புது பிடிகளும் வளந்துச்சு.

துணியோட கதை இன்னும் சுவாரசியம். ஜூடோ சட்டையோட மேல் பாகத்தைத் தடவிப் பாருங்க, அரிசி மணியைக் கொட்டி ஒட்டின மாதிரி இருக்கும். இதோட சொந்தக்காரன் சாஷிகோன்னு ஒரு தையல். ஜப்பான்ல விவசாயிகளும் மீனவர்களும் துணியை அடுக்கி நெருக்கமா ஓட்டுத்தையல் போட்டு, கிழியாத, குளிர் தாங்குற மேலாடை செஞ்சுக்கிட்டாங்க. தீயணைக்கிறவங்க கோட்டும் அதே தையல்தான். மல்யுத்த ராஜாக்கள் உடுப்பு இல்லைங்க இது, வலை இழுக்கறவன் உடுப்பு. இதைச் சொன்னப்போ தம்பிக்கு ஒரே சந்தோஷம்.

இந்த வித்தை நம்ம நாட்டுக்கு வந்தது நாம நினைக்கறதுக்கு ரொம்ப முன்னாடி. 1905-லயே சாந்திநிகேதனுக்கு ஜின்னோசுகே சானோங்கற ஜப்பானியரைத் தாகூர் வரவழைச்சார், மொழியும் ஜுஜுட்சுவும் சொல்லிக் கொடுக்க. அப்புறம் 1929-ல ஷின்சோ தகாகாகி வந்தார். பெண்களும் சேர்ந்து பழகினாங்க. அமர்த்தியா சென்னோட அம்மா அமிதா சென் அவங்கள்ல ஒருத்தர். 1931-ல கல்கத்தாவுல மேடையேத்திக் காட்டினப்போ அதுக்குன்னு தாகூர் பாட்டே எழுதிக் கொடுத்தார். இருந்தும் தகாகாகி போன பிறகு அது அங்க பெருசா வேர் பிடிக்கலை. நம்ம நாட்டுல இது ஜூடோவா வளந்து பரவ வேண்டிய ஒரு வாய்ப்பு, அப்படியே நழுவிப் போச்சுன்னுதான் எனக்குத் தோணுது.

வேர் பிடிச்சது பிரேசில்ல. கோடோகான்ல பழகின மிட்சுயோ மயேதா 1914-ல அங்க போய் இறங்கி, அப்புறம் அமேசான் முகத்துவாரத்துல இருக்கற பெலெம் ஊர்ல தங்கிட்டார். பூமத்திய ரேகைக்குப் பக்கம், புழுக்கமும் மழையுமா இருக்கற ஊர். அங்க அவர்கிட்ட கத்துக்கிட்ட பையன் கார்லோஸ் கிரேசி, 1925-ல ரியோவுல பள்ளி வெச்சார். கி போட்டுக்கிட்டே தரையில உருண்டு புரளுற பிரேசிலிய ஜியூ-ஜிட்சு இப்படித்தான் வளந்துச்சு. ஆக வெக்கைக்கு ஒத்துவராத உடுப்புன்னு நாம சாக்குச் சொல்ல முடியாது :-)

நிறத்துக்கும் ஒரு சண்டை நடந்துச்சு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ல ஜப்பான்காரரை அவர் ஊர்லயே தோற்கடிச்ச ஹாலந்துக்காரர் ஆன்டன் கீசிங்க், 1986-ல 'ஒருத்தருக்கு வெள்ளை, ஒருத்தருக்கு நீலம் கொடுங்க, பாக்கறவனுக்குப் புரியட்டும்'னு யோசனை சொன்னார். வெள்ளை தூய்மையோட அடையாளம்னு ஜப்பான் கடுமையா எதிர்த்துச்சு. 1997-லதான் உலக ஜூடோ கூட்டமைப்பு ஒத்துக்கிச்சு, 2000 சிட்னி ஒலிம்பிக்ல நீலம் இறங்கிடுச்சு. டிவி ஜெயிச்சதுன்னும் சொல்லலாம்.

இப்ப தம்பி கேள்விக்கு வருவோம். ஐபிஜேஜேஎஃப் விதிப்படி வெள்ளை, நீலம், கருப்பு மூணுதான். மேல ஒரு நிறம் கீழ ஒரு நிறம் கூடாது. கையை நேரா நீட்டினா சட்டைக்கையோட நுனி மணிக்கட்டுல இருந்து 5 சென்டிமீட்டருக்கு மேல ஏறக்கூடாது. கால்சட்டையும் கணுக்கால்ல இருந்து அதே 5. கைவாய் 7 சென்டிமீட்டர் திறப்பு, காலர் அகலம் 5, கனம் 1.3. கிழிசல் இருந்தா உள்ள விடமாட்டாங்க. ஏன் இத்தனை கெடுபிடின்னா, கையைக் குட்டையா, இறுக்கமா தைச்சுக்கிட்டா எதிராளிக்குப் பிடியே கிடைக்காது, காலரைத் தடியாக்கினா விரல் மடங்காது. அந்த வேலையை ஏற்கனவே நிறைய பேர் பண்ணிட்டாங்க. ஒவ்வொரு சென்டிமீட்டருக்குப் பின்னாடியும் ஒரு தில்லாலங்கடி இருக்கு. 1882-ல கானோ போட்டிருந்த சட்டையோட இன்னைக்குப் போனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்கங்கறது வேற விஷயம்.

எங்க கரையில இந்த 5 சென்டிமீட்டர்தான் பெரிய வில்லன். பருத்தி சுருங்கும். அம்மா பிளவுஸ் லைனிங் துணியை ராத்திரியே நனைச்சு, காயவெச்சுத்தான் டெய்லர்கிட்ட குடுப்பாங்க இல்லையா, அதே தத்துவம். இங்க தைச்சு முடிச்சுதான் கையில வருது, அதனால சுருங்கறதுக்கு இடம் விட்டு வாங்கணும். தம்பிகூடப் பழகுற ஒரு பையன் கரெக்டான அளவுல வாங்கி, வெந்நீர்ல ஊறவெச்சு, மொட்டை வெயில்ல காயப்போட்டான். ஆறு சென்டிமீட்டர் ஏறிப்போச்சு. கையைப் பிரிச்சு நீட்ட முடியுமான்னு ராமநாதபுரத்துல ஒரு வயசான டெய்லர்கிட்ட கொண்டுபோனாங்க. அவர் காலரை ரெண்டு விரல்ல நசுக்கிப் பாத்துட்டு, "தம்பி, இதுல ஊசி ஓட்டுனா மெஷின் எனக்கு மிஞ்சாது"ன்னுட்டார். அவன் அந்தப் போட்டிக்குப் போகலை.

அதனால நான் சொன்னது: வாங்கினதும் பச்சைத் தண்ணியில அலசி நிழல்ல காயப்போடு, கையை நீட்டி ஸ்கேல் வெச்சு அள. மூணு தடவை அப்படியே செய், அதுக்குள்ள சுருங்கறது பெரும்பாலும் சுருங்கிடும். கிணத்துத் தண்ணி உப்புன்னா சோப்பு நுரைக்காது, வெள்ளைத் துணி மொடமொடன்னு பழுப்பேறிடும், கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணி வை. பஞ்சோ துணியோ அடைச்ச காலர் ஐப்பசி, கார்த்திகை மழையில காயவே காயாது, கரும்புள்ளி விழும். உள்ள ரப்பர் வெச்ச காலரா பாரு. நீலம் வேண்டாம், உப்புக்காத்துல சீக்கிரம் வெளுக்கும்னு நான் சொன்னேன், அவன் கேக்கலை. நீலந்தான் வேணுமாம்.

இன்னொண்ணு எடை. இந்தப் போட்டியில கி-யோட சேத்துத்தான் எடை போடுவாங்க, அதுவும் ஆட்டத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி. 64 கிலோ பிரிவுன்னா சட்டையும் பெல்ட்டும் சேத்து 64. கூடினா அவ்வளவுதான், மறுவாய்ப்பு கிடையாது. கனமான நெசவு நாள்பட உழைக்கும், ஆனா அரைக் கிலோ திங்கும். மெல்லிசை எடுன்னேன், தினம் பழகறதுக்குப் பழசையே போட்டுக்கட்டும்.

பார்சல் வந்த அன்னைக்கு அவன் அதை மீன் ஏலம் விடுற இடத்துக்குக் கொண்டுபோய் எடைத்தராசுல வெச்சுப் பாத்திருக்கான். ஒரு கிலோ அறுநூறு. பக்கத்துல நின்ன அண்ணாச்சி "கிலோ என்ன விலைடா?"ன்னு கேட்டாராம். விலையைச் சொன்னதும், "வஞ்சிரமே தேவலை"ன்னுட்டு நடந்துட்டாராம்.