விலக்கப்பட்டவர் பெயரால் விளங்கும் சமயம்

ஒரு சமயத்தார் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர் பின்னொதுங்க, அவர்கள் நெறி பிறழ்ந்தவர் என்று விலக்கிய ஒருவருடைய பெயரே உலக வழக்கில் நிலைத்துவிட்டது. லெபனான், சிரியா, இஸ்ரேல் ஆகிய நாடுகளின் மலைப்பகுதிகளில் பெரிதும் வாழும் துரூசியரின் வரலாறு இம்முரணிலிருந்தே தொடங்குகிறது. அவர்கள் தம்மை ‘முவஹ்ஹிதூன்’ என்பர். இறைவன் ஒருவனே எனக் கொண்டோர் என்பது அதன் பொருள்.

கி.பி. 1017இல், பாத்திமியக் கலீபா அல்-ஹாக்கிமின் ஆட்சியில், கெய்ரோ நகரில் இந்நெறி வெளிப்பட்டது. பாத்திமியர் ஷியா பிரிவின் கிளையான இஸ்மாயிலி மரபினர். மறைமொழிக்கு வெளிப்பொருளோடு உட்பொருளும் உண்டு என்பது அம்மரபின் அடிப்படை. குராசானிலிருந்து வந்த ஹம்ஸா இப்னு அலி அக்கருத்தை அதன் எல்லைக்கே கொண்டு சென்றார். உட்பொருளை உணர்ந்தோர்க்கு வெளிச்சடங்குகள் கடமையல்ல என்றார். தொழுகை, நோன்பு முதலியவற்றின் இடத்தில் வாய்மை, உடன்பட்டோரைக் காத்தல், இறைவன் திருவுளத்திற்குப் பணிதல் முதலிய ஏழு நெறிகள் அமைந்தன. இறைமை அல்-ஹாக்கிமிடம் வெளிப்பட்டது என்பதும் அவர்தம் கொள்கையாயிற்று.

அத்-தராசி என்னும் போதகர் ஹம்ஸாவின் தலைமையை ஏற்காது, தம் போக்கில் கொள்கையைப் பரப்பினார், கலகம் மூண்டது. ஹம்ஸா அவரைக் கண்டித்தார். சில ஆண்டுகளுக்குள்ளேயே அவர் கொல்லப்பட்டார். ஆயினும் புறத்தார் நாவில் அவர் பெயரே தங்கிற்று. ‘துரூசியர்’ என்ற சொல் அதிலிருந்து பிறந்ததே.

1021இல் ஓரிரவு நகர்ப்புறக் குன்றுகளை நோக்கிச் சென்ற அல்-ஹாக்கிம் திரும்பவில்லை. அடுத்த கலீபாவின் காலத்தில் அடக்குமுறை கடுமையாயிற்று. 1043இல் புதியோரைச் சேர்க்கும் வாயில் அடைக்கப்பட்டது. அன்றுமுதல் பிறப்பால் மட்டுமே ஒருவர் துரூசியர் ஆவர். இறந்தவரின் உயிர் மீண்டும் மனிதப் பிறவியே எடுக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. ‘ஞான மடல்கள்’ எனப்படும் 111 நிருபங்கள் அவர்களது மறைநூல். அதனை ஓதும் உரிமை ‘உக்கால்’ எனப்படும் அறிந்தோர்க்கே உண்டு. அந்நிலையைப் பெண்களும் எய்தலாம். ஏனையோர் ‘ஜுஹ்ஹால்’, அதாவது அறியாதோர். இவர்கள் தம் சமயத்தின் நூலைத் தாமே படியாது, அதன் நெறிக்குட்பட்டு வாழ்வோர்.

அவ்வாறாயின் இவர்களுக்கும் இஸ்லாத்துக்கும் உள்ள உறவு யாது? மொழி அரபு, மடல்கள் திருக்குர்ஆன் வசனங்களை எடுத்தாள்கின்றன. ஆனால் மறுபிறப்பும் இறை வெளிப்பாடும் பெரும்பான்மை இஸ்லாமிய அறிஞர்க்கு ஏற்புடையன அல்ல. 1328இல் மறைந்த இப்னு தைமிய்யா இவர்களை வன்மையாகக் கண்டித்தார். அரசுகளின் ஏடுகளிலும் இவர்களுக்குத் தனியிடமே வாய்த்தது. 1948இல் லெபனான் இயற்றிய துரூசிய இல்லறச் சட்டம் பலதார மணத்தைத் தடுத்தது. 1957இல் இஸ்ரேல் இவர்களைத் தனிச் சமயத்தாராக ஏற்றது. துரூசியருள்ளும் தம்மை இஸ்லாத்தின் ஒரு கிளையினராகக் கொள்வோர் உளர். தனிச் சமயத்தாராகக் கொள்வோரும் உளர்.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 1925இல் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து எழுந்த சிரியப் புரட்சியை வழிநடத்தியவர் துரூசியரான சுல்தான் அல்-அத்ரஷ். சமயம் இறைவனுக்கு, தாயகம் அனைவர்க்கும் என்பதே அப்புரட்சியின் முழக்கம். அவர் பிறந்த சுவைதா மாநிலத்திலேயே, 2025 ஜூலையில் மூண்ட வன்செயல்களில் நூற்றுக்கணக்கான துரூசியர் உயிரிழந்தனர். பிறர் சூட்டிய பெயரைச் சுமந்து ஓராயிரம் ஆண்டு வாழ்ந்துவிட்டது அச்சமூகம். அப்பெயர் காரணமாக உயிரிழக்க நேர்வதுதான் தாங்கற்கரிய சுமை.