டேப் விசைக்கு ஒரு ஜாதகம்

கட்டளைத் திரையில் கோப்பின் பெயரை முழுதாக அடிப்பவர்கள் குறைவு. இரண்டெழுத்து அடித்து டேப் விசையைத் தட்டினால் மிச்சத்தைக் கணினியே நிரப்பிவிடும். இந்தச் சௌகரியம் எங்கிருந்து வந்தது, திடீரென்று ஏன் குணம் மாறியது என்று பார்ப்போம்.

விதை போட்டது டெனெக்ஸ். பிபிஎன் நிறுவனம் பிடிபி-10 கணினிக்காக எழுதிய இயங்குதளம். அதில் டேப் அல்ல, எஸ்கேப் விசை. அந்த வசதி பிடித்துப்போய் கென் கிரீர் என்பவர் 1975-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அதேபோல் எழுத ஆரம்பித்தார். 1981-ல் எச்பி ஆய்வகத்தில் அதை பில் ஜாயின் சி ஷெல்லோடு இணைத்தார். அதுதான் டிசிஷெல். முன்னால் நிற்கும் 'டி', டெனெக்ஸின் நினைவு.

1989-ல் பிரையன் ஃபாக்ஸின் பாஷ், 1990-ல் பால் ஃபால்ஸ்டாடின் ஜெட்ஷெல். ஆப்பிள் 2003-ல் டிசிஷெல்லை விட்டு பாஷுக்கு மாறியது. பாஷோ 2009-ல் 4.0 பதிப்பிலிருந்து ஜிபிஎல் மூன்றாம் உரிமத்துக்குப் போய்விட்டது. ஆப்பிள் பழைய 3.2-லேயே நின்றது. 2019-ல் காட்டலினா வந்தபோது புதுப் பயனர் கணக்குகளுக்கு ஜெட்ஷெல் என்றாகிவிட்டது. உரிமச் சிக்கல்தான் காரணம் என்பது பலருடைய ஊகம்.

இங்கேதான் வினை. பாஷில் ஒரே மாதிரி தொடங்கும் கோப்புகள் பல இருந்தால், இரண்டு முறை டேப் தட்டப் பட்டியல் வரும், அவ்வளவுதான். ஜெட்ஷெல்லில் முதல் தட்டிலேயே பட்டியல் வந்துவிடும். இரண்டாவது தட்டு முதல் கோப்பின் பெயரைக் கட்டளையில் நிரப்பிவிடும். பழைய பழக்கத்தில் இரண்டு தட்டு தட்டி, கவனிக்காமல் எண்டர் அடித்தால்? அழிக்கும் கட்டளையாக இருந்தால் வேறு கோப்பு காலி. அங்கே குப்பைத்தொட்டியும் கிடையாது.

மருந்து எளிது. ஜெட்ஷெல் அமைப்புக் கோப்பில் 'ஆட்டோ மெனு'வை அணைத்து 'பாஷ் ஆட்டோ லிஸ்ட்'டைப் போட்டால் பழைய நடை திரும்பும். ஆனால் முதலில் எந்த ஷெல்லில் இருக்கிறோம் என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் பாஷின் அமைப்புக் கோப்பை எத்தனை முறை திருத்தினாலும் பலன் இராது.

எங்கள் வங்கி வேலையில் மூன்று வருடத்துக்கொரு மாற்றல் உண்டு. புது ஊர், புது பாஷை. வவுச்சர் மட்டும் அதேதான், இருக்கும் டிராயர்தான் வேறு. முதல் வாரம் கை பழைய டிராயருக்கே போகும். அந்த வாரத்தில் கொஞ்சம் மெதுவாக வேலை பார்ப்பதில் தப்பில்லை.