ஆங்கில எழுத்துக்கூட்டலை நிலைநிறுத்தியது அச்சகமா, பள்ளிக்கூடமா?

ஆங்கிலம் கற்கும் மாணவரை முதலில் மலைக்கவைப்பது அதன் ஸ்பெல்லிங். ‘நைஃப்’ என்ற சொல்லின் தொடக்கத்தில் ‘கே’ நிற்கிறது, ஒலிப்பதில்லை. கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்பதன் நடுவே ஊமையாக ஒரு ‘பி’ இருக்கிறது. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவியதும் எழுத்து உறைந்துவிட்டது, ஒலி மட்டும் மாறிக்கொண்டே போனது என்பது இதற்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம். ஒலி மாறியது உண்மைதான். கவிஞர் சாசர் வாழ்ந்த 14ஆம் நூற்றாண்டில் ‘நைஃப்’ ஏறத்தாழ ‘க்னீஃப்’ என்றும், ‘நேம்’ ஏறத்தாழ ‘நாம’ என்றும் ஒலித்தன. 1400க்கும் 1700க்கும் இடையே ஆங்கில நெடில்கள் பெரும்பாலும் இடம்பெயர்ந்துவிட்டன. ஆனால் எழுத்தை உறையவைத்தது அச்சகம் என்ற இரண்டாம் பாதியைச் சான்றுகள் தாங்கவில்லை. அந்த வேலையை முதன்மையாகச் செய்தவர்கள் பள்ளி ஆசிரியர்களே என்பது இக்கட்டுரையின் வாதம்.

காக்ஸ்டனின் நூல்களிலேயே ஒரே சொல் பல வடிவங்களில் வருகிறது. அவருக்கு ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பின், 1623இல் வெளியான ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பிலும் அதே நிலைதான். ‘டூ’, ‘கோ’ போன்ற சிறு சொற்களின் இறுதியில் ஓர் அச்சுக்கோப்பாளர் ‘இ’ சேர்க்கிறார், இன்னொருவர் விட்டுவிடுகிறார். எந்தப் பக்கத்தை எந்த அச்சுக்கோப்பாளர் கோத்தார் என்று பிற்கால ஆய்வாளர்கள் பிரித்தறிந்ததற்கு இந்த வேறுபாடுகள் முக்கியத் தடயமாயின. எழுத்துக்கூட்டல் அச்சகத்தில் உறைந்திருந்தால் இத்தகைய ஆய்வுக்கே இடமிருந்திருக்காது.

ஆசிரியர்களின் பக்கம் நிலைமை வேறு. எழுத்தை ஒலிக்கு ஏற்பத் திருத்த வேண்டும் என்று 1569இல் ஜான் ஹார்ட் ஒரு நூல் எழுதினார். லண்டனில் மெர்ச்சன்ட் டெய்லர்ஸ் பள்ளியின் தலைமையாசிரியராயிருந்த ரிச்சர்ட் முல்காஸ்டர் 1582இல் வெளியிட்ட நூலில் அந்த வழியை ஏற்கவில்லை. ஒலி ஆளுக்கு ஆள் மாறும், எனவே ஒலியோடு வழக்கையும் காரணத்தையும் சேர்த்தே எழுத்தை முடிவுசெய்ய வேண்டும் என்றார். சொல்லின் இறுதியில் ஒலிக்காமல் நின்று முன்னுள்ள உயிரின் தன்மையைக் காட்டும் ‘இ’யை அவர் முறைப்படுத்தினார். ‘பிட்’, ‘பைட்’ இரண்டையும் எழுத்தில் இன்றும் வேறுபடுத்துவது அந்த ‘இ’தான். 1596இல் எட்மண்ட் கூட் எழுதிய ஆங்கிலப் பாடநூல் நூறாண்டுக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப அச்சாயிற்று. பிறருக்குக் கற்பிக்க முன்வந்த தையற்காரர், நெசவாளர், கடைக்காரர் ஆகியோரையும் அது தன் வாசகராகக் கருதியது என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். இலத்தீன் அறியாத வீடுகளுக்குள்ளும் சரியான எழுத்து, பிழையான எழுத்து என்ற பகுப்பு நுழைந்தது அப்படித்தான். கூட் தந்த சொற்பட்டியலைப் பெரிதும் பயன்படுத்தி, 1604இல் முதல் ஆங்கில அகராதியை ஆக்கிய ராபர்ட் காட்ரேயும் பள்ளி ஆசிரியராக இருந்தவரே. ‘டெட்’ சொல்லுக்குள் ‘பி’யைப் புகுத்தியதும் கற்றோரின் இலத்தீன் பற்றுதான், பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் அந்த எழுத்து இல்லை. 1598இல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகமொன்றில், அந்த ‘பி’யை வாய்விட்டு ஒலிக்காதவர்களைக் கடிந்துகொள்ளும் பாத்திரம் ஒரு பள்ளி ஆசிரியர்! இந்தப் பிடிவாதம் யாருக்கு உரியது என்பதை அக்கால அரங்கம் நன்கு அறிந்திருந்தது.

பாடநூல்களும் அச்சகத்தில்தானே உருவாயின என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அச்சு இல்லாமல் கூட்டின் நூல் அத்தனை வீடுகளை எட்டியிருக்காது. 17ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அச்சு நூல்களின் எழுத்துக்கூட்டல் பெருமளவு ஒருமை கண்டதும் உண்மை. ஆனால் அச்சகம் தந்தது பரவும் வழியை. எதைப் பரப்புவது என்ற அளவுகோலும், அதிலிருந்து விலகுவது பிழை என்ற உணர்வும் பாடநூலிலிருந்து வந்தன. சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதியே எழுத்தை முடிவுசெய்தது என்பாரும் உண்டு. அதற்கு ஐந்து ஆண்டு முன்பே, ஒரேயொரு எழுத்துப்பிழை ஒருவரை வாழ்நாள் முழுதும் கேலிக்குள்ளாக்கும் என்று செஸ்டர்ஃபீல்டு பிரபு தம் மகனை எச்சரித்திருந்தார். விதி முன்பே வேரூன்றாத இடத்தில் அத்தகைய அச்சம் பிறக்காது. ஜான்சன் பெரும்பாலும் நிலவிய வழக்கைப் பதிவுசெய்தார். அவர் தக்கவைத்த ‘மியூசிக்’ சொல்லின் இறுதிக் ‘கே’ பின்னாளில் உதிர்ந்தும்போனது.

அமெரிக்காவில் இந்த வாதத்தை இன்னொரு முறை சோதித்துப் பார்க்கலாம். 1783இல் நோவா வெப்ஸ்டர் வெளியிட்ட எழுத்துக்கூட்டல் பாடநூல் கோடிக்கணக்கில் விற்றது. அவரும் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ‘கலர்’ சொல்லில் ‘யு’வை நீக்கிய வடிவம் அங்கே நிலைத்ததற்கு அவருடைய பாடநூலும் அகராதிகளும் பெருங்காரணம். நாக்கையும் பெண்களையும் குறிக்கும் சொற்களை ஒலிப்படி எழுத அவர் தம் அகராதியில் முயன்றது மட்டும் எடுபடவில்லை. பிறகு 1906இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களை எளிமையாக அச்சிடும்படி அரசு அச்சகத்துக்கு ஆணையிட்டார். நாளிதழ்கள் எள்ளின, நாடாளுமன்றம் எதிர்த்தது, அவ்வாண்டு முடிவதற்குள் ஆணை கைவிடப்பட்டது. அச்சகத்துக்கு அதிபரின் ஆணையே இருந்தது. ஆனால் அதை எதிர்த்த உறுப்பினர்கள், இதழாசிரியர்கள், வாசகர்கள் எல்லாரும் பழைய எழுத்தைப் பள்ளியில் கற்று வந்தவர்கள்.