மலையேறும் குழு எப்போது ஓய்வெடுக்க வேண்டும்?

காம்பார் பட்டணத்துக்குக் கிழக்கே உள்ள குனோங் புஜாங் மலாக்கா 1,200 மீட்டருக்கும் அதிக உயரம் கொண்டது. அங்கே கூட்டமாக ஏறத் திட்டமிடும் இளைஞர்கள் முதலில் பேச வேண்டியது வேகத்தையும் ஓய்வையும் பற்றித்தான்.

எவ்வளவு நேரம் ஆகும்?

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது. 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அப்படிப் பார்த்தால், 1,200 மீட்டர் ஏற்றத்துக்கு மட்டுமே 2 மணி நேரம் சேர்க்க வேண்டும். இதில் ஓய்வு நேரம் அடங்காது. நம் காட்டுப் புழுக்கத்தில் வியர்வை சீக்கிரம் உலராது, உடல் சூடும் எளிதில் தணியாது. அதனால் இன்னும் தாராளமாகவே நேரம் ஒதுக்குங்கள்.

யாருடைய வேகம்?

மெதுவாக நடப்பவரின் வேகம்தான் குழுவின் வேகம். அவரை முன்வரிசையில் விடுங்கள். வழி தெரிந்தவர் முன்னால், அனுபவசாலி ஒருவர் கடைசியில். 30 பேர் என்றால் மூன்று சிறு குழுக்களாகப் பிரியலாம். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? அப்படியென்றால் வேகம் சரி. மூச்சு வாங்குகிறதா? குறைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு எப்போது தொடங்குகிறது?

பெரும்பாலும் நடப்பது இதுதான்: முன்னால் போனவர்கள் 10 நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள். கடைசி ஆள் வந்ததும், "சரி, போகலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். அதிகம் களைத்தவருக்கு ஓய்வே கிடைக்காது. ஆகவே கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகே நேரத்தைக் கணக்கிடுங்கள்.

45 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 நிமிட ஓய்வு பொதுவாகப் போதும். செங்குத்தான இடங்களில் அடிக்கடி ஓரிரு நிமிடம் நில்லுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள்.

எப்போது திரும்ப வேண்டும்?

கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். உச்சி பக்கத்தில் தெரிந்தாலும் அந்த நேரம் வந்தால் இறங்கிவிட வேண்டும். பிற்பகல் இடிமழை இங்கே சகஜம். அப்போது ஓடைகளில் திடீரென நீர் பெருகும். இறங்கும்போது களைத்த கால்கள் எளிதில் தடுமாறும், அவசரம் வேண்டாம்.

எந்த அறிகுறி ஆபத்து?

தலைசுற்றல், தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் அவரை நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். குழம்பிப் பேசினாலோ மயங்கினாலோ அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். உடனே உடலை நீரால் நனைத்து விசிறி, 999-ஐ அழையுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

புறப்படும் முன்?

நிரந்தரக் காப்புக் காட்டுக்குள் நுழைய பேராக் வனத்துறையின் அனுமதி வேண்டும். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். "எனக்கு முடியல, கொஞ்சம் நிக்கலாம்" என்று யார் சொன்னாலும் கிண்டல் கூடாது என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கேலிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு ஏறுபவர்தான் பாதி வழியில் சரிந்து விழுவார்.