சினம் தணிந்த குன்று

சூரபன்மனோடு செய்த போரும், வள்ளிநாயகியின் பொருட்டு வேடரோடு நேர்ந்த பூசலும் முடிந்து, முருகப்பெருமான் சினந்தணிந்து வீற்றிருந்த மலையாதலின் இது தணிகை எனப் பெயர் பெற்றது என்பர் பெரியோர். இப்பெயர் இவ்வூர் வரலாற்றுக்கும் பொருந்துமாற்றைச் சிறிது சிந்திப்போம்.

மலையேறுமுன், நந்தியாற்றங்கரையில் விளங்கும் வீரட்டானேசுவரர் திருக்கோயிலை வழிபடுதல் நன்று. யானையின் பின்புறம் போன்ற விமானமுடைய இக்கற்றளி, 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அபராசித பல்லவன் காலத்தில் நம்பி அப்பி என்பவரால் எடுப்பிக்கப்பெற்றது. அபராசிதன் என்றால் வெல்லப்படாதவன் என்று பொருள். எனினும் முதலாம் ஆதித்த சோழனிடம் தோற்று அவன் அரசிழந்தான். ஆனால் அவனே பாடியதாகக் கருதப்பெறும் வெண்பா இக்கோயிற் கல்லில் இன்றும் நிற்கின்றது. வாள் காக்கத் தவறிய பெயரைச் சிவத்தொண்டு காத்தது அன்றோ!

இனி மலைக்குச் செல்வோம். ஆண்டின் நாட்களைக் குறிப்பனவாக 365 படிகள் உள்ளன. வெள்ளையர் ஆட்சியில், ஆங்கிலப் புத்தாண்டு நாளில் துரைமார்களைக் கண்டு வணங்கும் வழக்கம் நம்மவரிடையே பரவியிருந்தது. துரைகளுக்கெல்லாம் துரையாகிய தணிகேசனை வணங்குவோம் என்று வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் அன்பர்களை இங்கே அழைத்து வந்தார். படிதோறும் கர்ப்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடும் டிசம்பர் 31ஆம் நாள் திருப்படித் திருவிழா அவ்வாறு தோன்றியதே. அவர் எவரையும் வைதாரல்லர். வணக்கம் செல்லவேண்டிய இடத்தைக் காட்டினார். அவ்வளவே.

மலைமேல் நின்று வடக்கே நோக்கினால் நகரிப் பக்கத்து மலைகள் தோன்றும். அவை ஆந்திர நாட்டைச் சார்ந்தவை. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அதனுட் சென்றது. மங்கலங்கிழார், ம.பொ.சிவஞானம் முதலியோர் முன்னின்ற எல்லைப் போராட்டத்தில் அன்பர் பலர் சிறை புகுந்தனர். முடிவில் படாஸ்கர் பரிந்துரையின் வழியே, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அவர்தம் தொண்டை நாம் நன்றியோடு நினைத்தல் கடன்.

ஆயினும், ஆடிக் கிருத்திகையன்று இம்மலையில் நின்று பாருங்கள். காவடி சுமந்து வருவோருள் தமிழரும் உளர், தெலுங்கரும் உளர். எல்லைக்கோடு நிலத்தின்மேல் உண்டு, இப்படிகளின்மேல் இல்லை. உரிமை கேட்டுப் பெற்றபின் பகையை நெஞ்சில் வைத்திராமையே தணிகை என்னும் பெயருக்கு நாம் செய்யும் மரியாதை.

இந்நாளில் வண்டிகள் மலையுச்சிவரை செல்கின்றன. முதியோர்க்கு அது பேருதவி. காலில் வலிமையுள்ளோர் படிவழியே ஏறுக. படிக்கொரு சினத்தைக் கீழே விட்டு ஏறுக. உச்சியை அடையும்போது, தணிந்த நெஞ்சே தணிகேசனுக்கு நாம் இடும் காணிக்கையாகும்.